எல்க் காட்டுக்கு நான் வராத வருடம்

போன செவ்வாய்க்கிழமை உன் மகள் தாரணி கனடாவிலிருந்து உன்னுடைய வில்லோடு பலெர்மோவுக்கு வந்தாள். விமான நிலையத்திலிருந்து பஸ் பிடித்து, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்து நேரே என் கடைக்கே வந்துவிட்டாள். அரிசி மூட்டைகளுக்கு மேலே நீளமான கறுப்புப் பெட்டி ஒன்றைக் கிடத்தித் திறந்தாள். நாணுக்குப் பூசும் மெழுகின் மணம் எழுந்து வந்தது.

மிளகாய்த்தூளும் கருவாடும் பெருங்காயமும் வருடக்கணக்காக ஊறிய கடை இது. இன்னொரு வாசம் வந்து தலைகாட்ட இடமில்லை. ஆனாலும் அந்த மெழுகு எனக்குத் தனியாக மணத்தது. தராசுத் தட்டைத் துடைப்பதுபோல் பாவனை பண்ணிக்கொண்டேன்.

ஏலக்காய் வாங்க வந்து நின்ற ஒரு இத்தாலிக்கார அம்மா, சிஞ்ஞோரா, பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன வாத்தியம் இது?"

"வாத்தியம் இல்லை சிஞ்ஞோரா, வில்."

"யாருக்கு?"

"கடை வாடகையைக் கூட்டின ஆளுக்கு."

"அப்படியென்றால் அடுத்த முறை எனக்கும் ஒன்று எடுத்து வை" என்று சொல்லிவிட்டு ஏலக்காயோடு போனாள்.

தாரணிக்கு இத்தாலிய மொழி தெரியாது. நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். பிறகு ஒரு மூட்டையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"மாமா, வாற செப்டம்பரிலை நான் எல்க் மான் வேட்டைக்குப் போறன். லைசென்ஸ் எடுத்திட்டன். ரெண்டு வருசமா அப்பான்ரை வில்லிலைதான் பழகினனான். அப்பா போன அதே காடு."

"தனியவோ?"

"ஒருத்தரும் வராட்டித் தனியத்தான். அதுதான் உங்களைக் கேக்க வந்தனான்."

"போனிலை கேட்டிருக்கலாமே பிள்ளை."

"போனிலை கேட்டாக் கடைக்குக் கொண்டெய்னர் வருது எண்டு சொல்லுவியளாம். அப்பா சொல்லுறவர்."

பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு நான் கடையில் என்ன விற்றேன், எவ்வளவு மிச்சம் கொடுத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. நீ அதை வீட்டில் எப்படிச் சொல்லியிருப்பாய்? நம்பிச் சொன்னாயா, நம்பாமல் சொன்னாயா? உன்னிடம் கேட்க வழியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், செப்டம்பரில், அந்தக் காட்டில் நீ தனியே இறந்தாய். மரையைவிடப் பெரிய அந்த மிருகத்தை அம்பால் விழுத்தி, இறைச்சியை வெட்டிச் சீலைப் பைகளில் கட்டி, வாகனம் வரைக்கும் இரண்டு நடை சுமந்திருக்கிறாய். மூன்றாவது நடையில் பாதையோரம் ஒரு மரத்தில் சாய்ந்து இருந்தபடி போய்விட்டாய். சுமையை முதுகிலிருந்து இறக்கக்கூட இல்லை. நெஞ்சு என்றார்கள். உன்னைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆனது. அந்தப் பைகள் என் கடையில் பாசுமதி அரிசி வந்த பருத்திப் பைகள். வெட்டின இறைச்சிக்குக் காற்றுப் போகவேண்டும், ஈ மொய்க்கக்கூடாது, அதற்கு அவைதான் நல்லது என்று நீ கேட்டு நான் அனுப்பியவை.

தாரணி வந்த அன்று மத்தியானமே உன் மனைவி போன் எடுத்தாள்.

"அண்ணை, அவள் உங்களிட்டை வந்து நிக்கிறாள் எண்டு தெரியும். நீங்கள் சொன்னாக் கேப்பாள். வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. எனக்கு ஒராள் போனது காணும்."

"ஓம், கதைக்கிறன் தங்கச்சி" என்றேன். மகளுக்கு யோசிக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். முப்பது வருட வியாபாரத்தில் ஒரே சரக்கை இரண்டு பேருக்குப் பேசிவைத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கடையை மனைவியின் பொறுப்பில் விட்டுவிட்டு, உன் மகளைப் பழைய கால்சாப் பகுதிக்குக் கூட்டிப்போனேன். அந்தக் காலத்தில் நீயும் நானும் இருந்த கீழ்மாடி அறை இப்போது சுற்றுலாக்காரருக்கு விடும் அறை. கதவில் இலக்கம் அழுத்தித் திறக்கிற திறப்புப் பெட்டி தொங்குகிறது. மேலே நீ வீட்டுவேலை செய்த சிஞ்ஞோராவின் மொட்டை மாடி அப்படியே இருக்கிறது. தாரணி கழுத்தை நிமிர்த்தி அதைக் கனநேரம் பார்த்தாள்.

"அப்பா அங்கையோ வில்லுப் பழகினவர்?"

"இல்லை. அங்கை அவர் உடுப்புக் காயப்போட்டவர்."

ஆனால் காற்றை நீ படித்தது அங்கேதான். தெற்கே இருந்து ஷிரோக்கோக் காற்று சூடாக அடிக்கிற நாளில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தப்பான பக்கம் விரித்தால், செம்மண் தூசி படிந்து திரும்பவும் தோய்க்கவேண்டும். கடலிலிருந்து வருகிற காற்று மத்தியானத்தில் மாறும். சுவருக்குப் பின்னால் சுழலும். நாங்களெல்லாம் வெயில் எரிக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். நீ விரலை நனைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாய். விசரன் என்று நான் சிரித்தேன்.

சிஞ்ஞோரா ஒருநாள் அலுமாரியைத் துப்புரவாக்கி, செத்துப்போன புருஷனின் மரத்தாலான வில்லை எறியச் சொல்லித் தந்தாள். பழைய சாமான்காரனிடம் கொடு என்றேன். "நான் ஒண்டையாவது விக்காமல் வைச்சிருக்கப்போறன். மிச்சமெல்லாத்தையும் விக்க நீ இருக்கிறாய்தானே" என்றாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே ஏதோ ஒரு கழகத்தில் புல் வெட்டிக் கொடுத்து, கூலிக்குப் பதிலாக அம்பு விடப் பழகினாய். பிறகு கலியாணம், கனடா. பலெர்மோவில் வைக்கோல் பொதிக்கு விட்ட அம்பை அங்கே போய் எல்க்குக்கு விடத் தொடங்கினாய்.

ஐந்து வருடத்துக்கு முன் நான் கல்கரிக்கு, உன் வீட்டுக்கு வந்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். என்னிடம் லைசென்ஸ் இல்லை. வில்லைத் தொடவும் மாட்டேன். கூட நடக்க, சுமக்க ஒரு ஆள், அவ்வளவுதான். ஆனாலும் முதன்முதல் வேட்டைக்குப் போகிறவனுக்குச் சொல்வதையெல்லாம் எனக்குச் சொன்னாய். சிலது இப்போதும் உன் குரலிலேயே கேட்கிறது.

"இது அரச காடு. ஆரும் வரலாம். அதாலை எல்லாரும் வந்து எல்க்கின்ரை குரலிலை ஊதுவினம். கேட்டுக் கேட்டு எல்க்குக்கே அலுத்துப்போச்சு. நீ வாயைப் பொத்திக்கொண்டிருந்தாக் காணும். உனக்கு அது கஷ்டம்தான்."

சின்னப் போத்தல் ஒன்றில் திருநீறு வைத்திருந்தாய். கொஞ்சம் காற்றில் ஊதிவிட்டு அது போகிற திசையைப் பார்ப்பாய். சாமிக்குரியதை இப்படி ஊதுகிறாயே என்று கேட்டேன். "கடையிலை விக்கிற பவுடருக்கு மணம் இருக்கு. இதுக்கு இல்லை. சாமி கோவிக்காது, எல்க்குத்தான் கோவிக்கும்" என்றாய். விடிந்தவுடன் குளிர்காற்று மலையிலிருந்து கீழே இறங்கும், அப்போது மிருகத்துக்குக் கீழே நில். வெயில் ஏறியதும் காற்றும் மேலே ஏறும், அப்போது அதற்கு மேலே போய் நில். எந்நேரமும் உன் மணம் அதன் மூக்குக்குப் போகாத பக்கம் நிற்கவேண்டும். முன்னால் முகம் காட்டி நிற்கிறதுக்கு அம்பு விடாதே. பக்கவாட்டில் திரும்பும்வரை பொறு. திரும்பாவிட்டால் விட்டுவிடு. அம்பு பட்டவுடன் பின்னால் ஓடாதே. அது கடைசியாக நின்ற இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இரு. துரத்தினால் பயத்திலே வெகுதூரம் போய்ச் சாகும், உனக்கும் கிடைக்காது.

இன்னொன்றும் சொன்னாய்: "றோட்டுக்குக் கிட்ட எல்லாருக்கும் கால் இருக்கு. பஞ்சிப்படாமல் உள்ளுக்கை நடந்தாத்தான் எல்க். ஆனா எவ்வளவு தூரம் உள்ளுக்கை போறியோ, அவ்வளவு தூரமும் சுமந்து வரோணும். அம்பு விடமுதல் அதைக் கணக்குப் பார்." இதைச் சொன்னவன் நீ.

நீ தந்த கஞ்சிமாவும் கொட்டைகளும் எனக்கு இறங்கவில்லை. சாப்பாட்டையெல்லாம் கூடாரத்துக்கு வெகுதூரத்தில் மரத்தில் கட்டித் தொங்கவிடவேண்டும், மணக்கிற எதையும் உடம்பில் கொண்டு திரியக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். நானும் தலையாட்டினேன். ஆனால் பலெர்மோவிலிருந்து உனக்கென்று கொண்டுவந்த பாரைக் கருவாட்டில் ஒரு பங்கைப் பொரித்து, டப்பாவில் அடைத்து, பைக்கு அடியில் உடுப்புக்குள் சுற்றி வைத்திருந்தேன். மூடி இறுக்கமாக இருந்தால் மணக்காது என்று நினைத்தேன். கருவாடு விற்கிறவனுக்குக் கருவாடு மணப்பது தெரிவதில்லை.

மூன்றாம் நாள் காலை. வெயில் இன்னும் மரங்களுக்குள் இறங்கவில்லை. மேலேயிருந்து எல்க் ஒன்று கூப்பிட்டது. காலையில் கபோச் சந்தையில் துருப்பிடித்த கடை ஷட்டரைத் தூக்கும்போது கிறீச்சிடுமே, அந்தச் சத்தம், ஆனால் முடிவில் மூச்சிரைப்போடு. நீ அம்பைப் பூட்டி முழங்காலில் நின்றாய். அது மரங்களுக்கிடையில் வந்தது. கொம்பு தெரிந்தது, பிறகு கழுத்து. திருநீறு எங்கள் பக்கமாகத்தான் பறந்தது, காற்றுச் சரி. அப்படியிருந்தும் அது நின்றது. எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பார்த்தது. ஒரே பாய்ச்சலில் மறைந்தது.

நீ மெல்லத் திரும்பினாய். நானும் திரும்பினேன். இருபது அடியில் கரடி நின்றது.

அதன் முகம் என் பையைத்தான் பார்த்தது. மூக்கு அசைவது எனக்குத் தெரிந்தது.

"ஓடாதை" என்றாய், கடையில் விலை சொல்வதுபோன்ற குரலில். "ஓடினா நீதான் அதுக்குக் காலமைச் சாப்பாடு. பையிலை என்னடா?"

"கருவாடு."

"கருவாடோ?"

"பாரை. பொரிச்சது."

வில்லைக் கீழே வைத்துவிட்டு, கரடிக்கு அடிக்கிற மிளகுப் புகைக் குப்பியை ஒரு கையில் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றாய். அதோடு கதைக்கத் தொடங்கினாய். "நாங்கள் போறம், என்ன. இது உன்ரை இடம். உவனுக்குப் புத்தி இல்லை. நாங்கள் போறம்." சொல்லிச் சொல்லி ஒரு அடி பின்னால், இன்னொரு அடி பின்னால். அது இரண்டு தரம் முன்னங்காலை நிலத்தில் அடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அது பக்கவாட்டில் திரும்பிப் பற்றைக்குள் போனது.

வாகனத்துக்கு வந்து சேர்ந்ததும் நீ சிரித்தாய். "கருவாட்டு யாவாரிக்குக் கரடி ஓடர் குடுக்க வந்தது" என்று அன்று மாலை உன் வீட்டில் சொன்னாய். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வாகனத்தடியில் நீ தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்கமுடியாமல் நின்றதை நான் பார்த்தேன். விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் வாங்கித் திறக்கப் போனேன், என்னாலும் முடியவில்லை. போத்தலைச் சீற்றில் போட்டுவிட்டோம். அதைப்பற்றி நீயும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

அடுத்த வருடம் நீ கேட்டபோது கொழும்பிலிருந்து கொண்டெய்னர் வருகிறது என்றேன். அதற்கடுத்த வருடமும் கொண்டெய்னர். மூன்றாம் வருடமும். உண்மையில் வந்தது ஒன்றுதான். அதுவும் தை மாதத்தில். மூன்றாம் முறை நீ, "சரி மச்சான், அப்ப அந்தச் சீலைப் பையளையாவது அனுப்பு" என்றாய். பன்னிரண்டு பைகளைத் தோய்த்துக் காயவைத்து அனுப்பினேன். என் பங்குக்கு ஏதோ செய்துவிட்டேன் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

நான் வந்திருந்தால் மூன்றாம் நடை என்னுடையதாக இருந்திருக்கும். அல்லது நீ நெஞ்சைப் பிடித்தபோது உதவி தேடி ஒரு ஆள் ஓடியிருக்கும். அல்லது ஒன்றும் மாறியிருக்காது. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மனைவிக்கும் இல்லை.

கால்சாவிலிருந்து கடற்கரைப் புல்வெளிக்கு நடந்து வந்து, ஒரு வாங்கில் இருந்தோம். பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். தாரணிக்கு முழுவதையும் சொன்னேன். அவள் துறைமுகப் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"அப்ப கொண்டெய்னர் வரேல்லையோ?"

"இல்லை."

"கரடிக்கோ பயந்தனீங்கள்?"

"கரடிக்கும்தான். அதைவிட, பயந்து நிக்கிறதை உன்ரை கொப்பர் பாத்திடுவார் எண்டு."

அவள் அழவில்லை. கோபப்பட்டால் நல்லது என்று நான் காத்திருந்தேன், அதுவும் இல்லை. பந்தடிக்கிற பிள்ளைகளின் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "காரை வித்தபோது முன் தட்டுக்குள்ளை நெஞ்செரிவுக் குளிசைப் பெட்டி நாலு கிடந்தது மாமா. எல்லாம் முடிஞ்ச பெட்டி. அந்தக் கோடை முழுக்க அவருக்கு நெஞ்சு நொந்திருக்கு. அம்மாக்குச் சொல்லேல்லை. எனக்குச் சொல்லேல்லை. டொக்டரிட்டைப் போகேல்லை. போனா மலைக்குப் போகவேண்டாம் எண்டு சொல்லிப்போடுவினம் எண்டு பயம்."

எனக்கு அது புதிது. அன்று தண்ணீர்ப் போத்தலைச் சீற்றில் போட்டதுபோலவே இதையும் எங்கேயோ போட்டு மூடியிருக்கிறாய்.

"உன்ரை அம்மா உன்னை மறிக்கச் சொன்னவ" என்றேன்.

"தெரியும். மறிக்கிறியளோ?"

நான் யோசித்தேன். மறித்தால் இவள் தனியே போவாள். உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. கூடப்போனால் அந்தக் காடு, அந்தக் கரடி, அந்த மரம். இரண்டுமே எனக்குப் பயம். ஆனால் முதலாவது பயத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்துவிட்டேன். போன் மணி அடித்து, உன்னைத் தேடுகிறார்கள் என்று கேட்ட அந்த ஒன்றரை நாள். அது திரும்ப வேண்டாம்.

"மறிக்கேல்லை. பேரம் பேசுவம்" என்றேன். "எத்தினை மீட்டரிலை அம்பு விடுவாய்?"

"நாப்பது."

"இருபது."

"மாமா, இது வெங்காயம் இல்லை."

"வெங்காயம் எண்டா நான் இவ்வளவு யோசிக்கமாட்டன். இருபத்தஞ்சு."

"முப்பது. முப்பதிலை பத்துக்குப் பத்தும் படும். முழங்காலிலை நிண்டும், பையோடையும் விட்டுப் பாத்திட்டன்."

"சரி, முப்பது. றோட்டிலையிருந்து எவ்வளவு தூரம் உள்ளுக்கை?"

"அஞ்சு கிலோமீட்டர்."

"ரெண்டு."

"ரெண்டிலை எல்க் இருக்காது."

"இல்லாட்டி இல்லை. கடை திறந்தா எல்லா நாளும் யாவாரம் நடக்குதோ?"

அவள் சிரித்தாள். முதல் தடவையாக உன்னைப்போல் சிரித்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அன்று மாலை உன் மனைவிக்கு நானே போன் எடுத்தேன். "தங்கச்சி, மறிக்க என்னாலை ஏலேல்லை. நானும் கூடப்போறன்" என்றேன். "உங்களுக்கும் அறுபத்திரண்டு வயசு அண்ணை" என்றாள். "ஓம். டொக்டரிட்டைக் காட்டிப்போட்டு, அவர் எழுதித் தந்தால்தான்" என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி, "இஞ்சை மூண்டாம் மாடிக்கு ஏறவே உங்களுக்கு ரெண்டு தரம் நிக்கவேணும்" என்றாள். அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் அரிசி மூட்டை ஒன்றைத் தோளில் வைத்துப் படி ஏறுகிறேன். கடையில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நீ போனபிறகு உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது, காட்டில் எப்படி நடப்பது என்பது இல்லை. அதை மற்றவர்களும் சொல்லித் தருவார்கள். மிஞ்சியது இந்தப் பயம்தான். இப்போதும் படி ஏறும்போது அது முதுகில் இருக்கிறது. இறக்கிவைக்க இடம் தேடுவதை விட்டுவிட்டேன்.

ஆகவே நானும் உன் மகளும் ஒப்புக்கொண்டது இவ்வளவு: முப்பது மீட்டருக்கு மேல் அம்பு இல்லை. பாதையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இல்லை. அதற்குக் கீழே அவள் இறங்கி வரவில்லை, அதற்கு மேலே நானும் ஏறவில்லை. மிருகம் கண்டாலும் காணாவிட்டாலும் பகல் இரண்டு மணிக்குத் திரும்புவோம். கதைத்துக்கொண்டு நடக்கமுடியாத சுமையை இருவரும் தூக்கமாட்டோம். எத்தனை நடை ஆனாலும் சரி. ஒவ்வொரு மாலையும் அவளுடைய அம்மாவுக்குச் செய்தி போகவேண்டும். ஒரு மாலை போகாவிட்டால் அடுத்த நாளே வீட்டுக்கு. விமானச் செலவு என்னுடையது. இறைச்சி பாதிப் பாதி. இதெல்லாம் நான் கேட்டவை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: பயம் வந்தால் வந்த இடத்திலேயே வாய்விட்டுச் சொல்லவேண்டும், அவளும் சொல்வாள், சொன்னவரை மற்றவர் பகிடி பண்ணக்கூடாது, கேள்வி கேட்காமல் திரும்பவேண்டும். அதற்கு மட்டும் நான் பேரம் பேசவில்லை.